தம்பிக்கு விட்ட ஒரு சுற்று

எங்கள் தேவாலயத்தில் ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறவள் நான். வாசிக்கிறவள் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் என் ராஜ்ஜியம். சி மேஜரை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. முன்னால் நின்று பாடுகிற அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட நாளில், "இன்னும் ரெண்டு எறக்கும்மா" என்பார். கீபோர்டின் இடது மூலையில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இரண்டு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. என் விரல்கள் பாட்டுக்கு அதே சி-யில் ஓடும், சத்தம் மட்டும் இரண்டு படி கீழே கேட்கும். மலேசியாவில், ஜொகூர் பாரு பக்கத்துத் தம்போய் வட்டாரத்தில், தேவாலயத்திலும் பஜனையிலும் கல்யாண மண்டபத்திலும் கீபோர்டு வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பொத்தானை நம்பித்தான் பிழைக்கிறோம். இதை ஒரு குறையென்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. என் தம்பியும் நினைக்கவில்லை, பாவம்.

அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நானும் அவனும்தான். இரண்டு பேருக்கும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் தனியாக ஒரு பதில் இருக்கிறது, அதைக் கேட்டால் காது கூசும், இங்கே வேண்டாம். தம்பி பாசிர் கூடாங்கில் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். பகல் ஷிப்டோ இரவு ஷிப்டோ, மழையோ வெயிலோ, மோட்டார் சைக்கிள்தான். இடைநிலைப் பள்ளியில் படித்தபோது பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதினான். சீருடை போட்டுக்கொண்டு, சுரம் எழுதிய தாளைப் பார்த்து, எல்லாரும் ஒரே மாதிரி ஊதுகிற வாத்தியம் அது. தாள் இருந்தால் வாசிப்பான். தாளை எடுத்துவிட்டால் ஊமை.

கோவிட் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அந்த டிரம்பெட் அலமாரியின் மேலிருந்து கீழே இறங்கியது. கைப்பேசியில் எதையோ கேட்டுவிட்டு ஒரு நாள் மத்தியானம் சமையலறைக்கு வந்தான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஜாஸ் கேட்டிருக்கியா?"

"ஹோட்டல் லிப்ட்ல போடுவாங்களே, அதானே?"

தலையில் அடித்துக்கொண்டான். பிறகு சொல்லிக் கொடுத்தான். முதலில் எல்லாருமாக ஒரு பாட்டை வாசிப்பார்கள். பாட்டு முடிந்ததும் அதற்கு அடியில் சேர்த்துப் பிடிக்கிற சுரக்கூட்டங்கள், அதாவது அதே கார்டுகள், மறுபடி முதலிலிருந்து சுற்றி வரும். அந்தச் சுற்றில் ஒருவர் மட்டும், தாள் இல்லாமல், அந்த நேரத்தில் மனசில் வருவதை வாசிப்பார். அடுத்த சுற்று அடுத்தவருக்கு.

"எனக்கு அந்த மாதிரி ஒரு சுத்து வாசிக்கணும்க்கா. பேப்பர் இல்லாம, சொந்தமா, ஆளுங்க முன்னாடி. ஒரே ஒரு சுத்து போதும். அப்புறம் செத்தாலும் பரவால்ல."

"வாயைக் கழுவு" என்று மீன் கையோடு அடிக்கப் போனேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. வேலை, தூக்கம், மோட்டார் சைக்கிள் என்று ஓடுகிறவன் வாயிலிருந்து 'எனக்கு வேணும்' என்ற சொல்லை நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

இணையத்தில் யாரோ ஒருவர் சொல்லிக்கொடுக்கிற முறையைப் பிடித்துக்கொண்டான். எல்லாம் பேட்டர்ன். முதல் பேட்டர்ன் நான்கே சுரம்: டோ ரே மி சோ. கார்டு மாறினால் டோவும் மாறும், அந்தப் புது டோவிலிருந்து மறுபடி டோ ரே மி சோ. அது பழகியதும் தலைகீழாக, சோ மி ரே டோ. அப்புறம் நடுவிலிருந்து தொடங்கி. இப்படி ஒவ்வொன்றையும் பன்னிரண்டு கீயிலும், அதாவது பன்னிரண்டு சுருதியிலும், வாசிக்க வேண்டும்.

"இது என்னடா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு? சொந்தமா வாசிக்கணும்னு சொல்லிட்டு மனப்பாடம் பண்ற?"

"தமிழ்ப் பள்ளியில மலாய் எப்படிக்கா படிச்சோம்? சாயா நாக் மாக்கான், சாயா நாக் மினும், சாயா நாக் பாலேக். சாப்புடணும், குடிக்கணும், வீட்டுக்குப் போவணும். ஒரே வாக்கியம், ஒரு சொல்லு மட்டும் மாறும். இன்னைக்கி நீ பாசார்ல மீன்காரன்கிட்ட மலாய்ல சண்ட போடலையா? அதெல்லாம் யாரு எழுதிக் கொடுத்தா?"

அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது. சண்டை போடக் கற்றுக்கொண்டது வகுப்பில் இல்லை, பாசாரில் என்பது அப்போது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அவன் பகல் ஷிப்ட் முடித்து வந்து குளித்ததும் பின்கட்டில் உட்காருவோம். நான் கார்டு பிடிப்பேன், அவன் ஊதுவான். அவனுக்கு ஒவ்வொரு கீயும் புதுப் போராட்டம். டிரம்பெட்டில் மொத்தமே மூன்று வால்வுதான். எதையும் அழுத்தாமல் ஊதினாலே டோ வரும், சோ வரும், மேல் டோ வரும், அதற்கும் மேலே மி வரும். இதில் எது வரவேண்டும் என்பதை உதடுதான் தீர்மானிக்கிறது. விரல் பாதி, உதடு பாதி என்பான். ஒரு கீயை முடிக்க அவனுக்கு வாரக்கணக்கில் ஆகும். நான்? "அடுத்தது ஜி பிளாட்" என்று அவன் சொன்னால் பொத்தானைத் தட்டிவிட்டு அதே சி-யில் உட்கார்ந்திருப்பேன்.

"பட்டன் ராணி" என்பான். நான் ராணி மாதிரியே தலையாட்டுவேன்.

பக்கத்து வீட்டு மலாய் அம்மாளை மக்சிக், அத்தை, என்றுதான் கூப்பிடுவோம், நல்ல மனுஷி. ஒரு நாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஹாரி-ஹாரி லாகு சாமா?" என்றார். தினமும் ஒரே பாட்டா என்று கேட்கிறார். தம்பி வெட்கப்பட்டுச் சிரித்தான். பன்னிரண்டு கீயிலும் வேறு வேறு என்று அந்த அம்மாளுக்கு யார் போய் விளக்குவது?

போய் வாசி, வாசி என்று நான் நச்சரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஜொகூர் பாரு நகரத்தில் பழைய கடைவீட்டு மாடியில் ஒரு கோப்பிக் கடை இருக்கிறது. ஞாயிறு சாயங்காலங்களில் யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு போய்ச் சேர்ந்து வாசிக்கலாம். அதை நடத்துகிற சீன அங்கிள் வயலினைப் பெரிதாக்கின மாதிரி ஆளுயர பேஸ் வாத்தியம் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி வாசிப்பார். தம்பி அவரிடம் தொலைபேசியில் பேசிக்கூட வைத்திருந்தான். ஆனால் போகமாட்டான்.

"பன்னெண்டும் முடியட்டும்க்கா. பிளாண்ட்ல ஒரு லைன் செக் பண்ணாம ஸ்டார்ட்டப் பண்ணுவாங்களா? எல்லாத்தையும் செக் பண்ணி, கையெழுத்துப் போட்டு, அப்புறம்தான் கொதிகலனே ஏறும்."

"இது வெடிக்காதுடா மடையா!"

"எனக்கு வெடிக்கும்."

அதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை.

நடுவில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மழை விட்ட சாயங்காலம். வழக்கம்போல டோ ரே மி சோ போய்க்கொண்டிருந்தது. திடீரென்று தம்பி ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தான். பிறகு அதற்குப் பக்கத்துச் சுரத்தை, கொஞ்சம் தயங்கி, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. அதற்குப் பிறகு வந்தது எந்தப் பேட்டர்னும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது, கார்டைக் கூட மாற்ற மறந்துவிட்டேன். அவன் உடனே நிறுத்திவிட்டான். "சாரி, எங்கேயோ போயிட்டேன்" என்று மன்னிப்பு வேறு கேட்டான்! வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மக்சிக் கை தட்டினார். அன்றைக்கே அவனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "எங்க விட்டோம்? ஏ பிளாட்டா?" என்று பொத்தானில் கை வைத்தேன்.

பன்னிரண்டும் முடிந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு இரண்டு பேரும் என் காரில் கிளம்பினோம். கீபோர்டை எடுத்துக்கொள்ளவா என்றேன். "அங்க பியானோ இருக்காம், தூக்க வேணாம்" என்றான். எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது. பியானோ!

கடையில் பத்திருபது பேர் இருந்தார்கள். அங்கிள் எங்களை மேடைக்குக் கூப்பிட்டார். மேடை என்றால் ஒரு கம்பளம். நான் பியானோ முன்னால் உட்கார்ந்தேன். நிஜப் பியானோ, பழைய மரப் பியானோ. அங்கிள், "வாட் கீ?" என்றார். தம்பி, "எஃப்" என்றான், அன்றைக்கென்று எடுத்து வைத்திருந்த பாட்டை நாங்கள் எப்போதும் எஃபில்தான் வாசித்துப் பழகியிருந்தோம். என் இடது கை தன்பாட்டுக்கு மூலைக்குப் போனது. அங்கே மரம்தான் இருந்தது.

அலமாக்! எஃபில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை, புத்திக்குத் தெரியும், விரலுக்குத்தான் தெரியாது. முதல் கார்டைப் பிடித்தேன். இரண்டாவதில் தப்பு. மூன்றாவதில் கறுப்புக் கட்டை எங்கே என்று தேடினேன். அங்கிள் பேஸை நிறுத்தி, "மெதுவா, அவசரமில்ல" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மறுபடி எடுத்தோம், மறுபடி விழுந்தேன். முன் மேசையில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே கைப்பேசியைப் பார்த்தாள்.

தம்பி டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்தான். அவன் இன்னும் ஒரு சுரம்கூட ஊதவில்லை. "நெக்ஸ்ட் டைம், அங்கிள்" என்றான். பெட்டிக்குள் வைத்து மூடினான்.

நான் காரை எடுத்தேன். அவன்தான் பேசினான். "பியானோ செஞ்சவன் ஒரு பட்டன் வெக்க மறந்துட்டான் லா" என்று சிரிக்க வைக்கப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"கொஞ்ச நாள் குடுடா. கையால கத்துக்குறேன்."

"எடுத்துக்க. எங்க ஓடிடப் போகுது?"

நீ மட்டும் போய் வாசி, அங்கே கிட்டார்காரர் இருக்கிறார், கார்டு பிடிப்பார் என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவன் போகவில்லை. "இவ்ளோ நாள் கூட உக்காந்தது நீ. உன்னை விட்டுட்டு எப்படிக்கா?" என்றான். அப்படிச் சொல்கிறவனை என்ன செய்வது? பொத்தானின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி மறைத்துவிட்டு நான் முதலிலிருந்து தொடங்கினேன். டோ ரே மி சோ, எஃபில். பிறகு பி பிளாட்டில். பக்கத்தில் உட்கார்ந்து அவன் எனக்காகக் காத்திருந்தான். சில நாள் ஷிப்ட் முடிந்த களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான்.

ஒரு காலை இரவு ஷிப்ட் முடித்து வந்து கோப்பி குடித்தான். கோப்பி வாயின் இடது ஓரத்தில் வழிந்து சட்டையில் கொட்டியது. "சரியா குடிக்கத் தெரியாதா?" என்று திட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். அவன் முகத்தில் பாதி கீழே இறங்கியிருந்தது. இடது கண் மூடவில்லை. சிரிக்கப் பார்த்தான், வலது பக்கம் மட்டும்தான் சிரித்தது. ஐயோ கடவுளே என்று அலறிவிட்டேன்.

பக்கவாதம் இல்லை, முக நரம்பு என்றார் மருத்துவமனையில் டாக்டர். மோட்டார் சைக்கிளில் ராத்திரிக் காற்று அடித்துவிட்டது என்றார்கள் தெரிந்தவர்கள். காரணம் இன்னதென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை உப்புகிற பயிற்சி. மாதங்கள் போயின. நிறையத் திரும்பி வந்தது. கண் மூடியது, பேச்சு தெளிந்தது, சாப்பாடு வழியவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வாயின் இடது மூலை மட்டும் கொஞ்சம் சோம்பேறியாக நின்றுவிட்டது.

சாப்பிட, பேச, சிரிக்க அது போதும். டிரம்பெட்டுக்குப் போதாது. ஒரு நாள் பெட்டியைத் திறந்து ஊதிப் பார்த்தான். இடது ஓரத்தில் காற்று புஸ்ஸென்று போனது. மறுபடி ஊதினான், விரலால் அந்த மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டும் ஊதினான். பிறகு வாத்தியத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து அலமாரி மேலே ஏற்றிவிட்டான். வேறு வாத்தியம் எடுக்கலாமே என்றதற்கு, "நாப்பது வயசுல மறுபடியும் சாயா நாக் மாக்கானா?" என்றான். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

நான் மட்டும் விடவில்லை. யார் மேல் கோபம் என்று தெரியாமல் ஒரு வெறியோடு பன்னிரண்டு கீயையும் கையால் முடித்தேன்.

அதற்கப்புறம்தான் அது நடந்தது. ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டு. முன்னால் நின்று பாடுகிற அக்காவுக்கு அன்றைக்குத் தொண்டை நன்றாக இருந்தது, பாட்டு சி-யிலேயே இருந்தது. பழைய வெள்ளைக் கட்டைகளில் கை சுகமாக ஓடிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று உறைத்தது. அவனுக்குப் பன்னிரண்டு கீயும் தெரியும். அதற்காகத்தானே அத்தனை வருஷம் உயிரைக் கொடுத்துப் பழகினான்? எனக்குத் தெரிந்தது ஒன்று. அந்த மரப் பியானோவிலும் சி இருந்தது. "அங்கிள், சி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே! என்னால் அவன் கீக்குப் போக முடியவில்லை, அவன் என் கீக்கு வந்திருக்கலாமே! நான் பாட்டை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, பாடகர் குழு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தபோது அவன் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன்.

"அன்னைக்கி சி-யிலயே வாசிச்சிருக்கலாமேடா! ரெண்டு பேருக்கும் ஏன்டா தோணல?"

அவன் தண்ணீர்க் குழாயை மூடினான்.

"எனக்குத் தோணுச்சுக்கா."

"எப்ப?"

"அப்பவே. அங்கிள்கிட்ட சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உன்னைப் பாத்தேன். கை கறுப்புக் கட்டையத் தேடுது. எல்லாரும் பாக்குறாங்க. 'எங்க அக்காவுக்கு சி மட்டும்தான் வரும்'னு அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்றது? சரி, அடுத்த தடவ பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "என் மானம் என்னடா பெரிய மானம்? யாருடா உன்கிட்ட கேட்டா? முட்டாளு, முட்டாளு!" என்று கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தால் அவன் முதுகில் நாலு போட்டேன். அவன் அடி வாங்கிக்கொண்டு நின்றான். "விடுக்கா, சோப்பு காயுது" என்றான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அன்றைக்குத்தான் அழுதேன்.

போன மாதம் அவனைக் கட்டாயப்படுத்தி அந்தக் கடைக்கு அழைத்துப் போனேன். "நான் வாசிக்கிறதைக் கேக்கவாவது வா" என்றேன். அங்கிளுக்கு எங்களை நினைவிருந்தது. தம்பியின் கையில் பெட்டி இல்லாததைப் பார்த்தார். என்னைப் பார்த்து "வாட் கீ?" என்றார். பன்னிரண்டும் என் கையில் இருந்தன.

"சி" என்றேன்.

பாட்டை வாசித்தோம். என் சுற்று வந்தது, வாசித்தேன். எல்லாம் டோ ரே மி சோதான், தப்பில்லாமல் வந்தது, மரியாதைக்குக் கை தட்டினார்கள். அடுத்த சுற்று யாருக்கு என்று அங்கிள் பார்த்தார். கிட்டார்காரர் தயாரானார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கீழே கார்டுகளை மட்டும் மெல்லப் பிடித்தேன். அந்தச் சுற்றை யாருக்கும் கொடுக்காமல் விட்டேன். திரும்பித் தம்பியைப் பார்த்தேன்.

அவன் முன்னால் தே ஓ ஐஸ், பாலில்லாத ஐஸ் தேநீர், இருந்தது. முதலில் என்னைப் பார்த்தான், பிறகு கண்ணாடிக் குவளையைப் பார்த்தான். அவன் வலது கையின் மூன்று விரல்கள் மேசை விளிம்பில் அசையத் தொடங்கின. அந்த விரல்கள் எனக்குத் தெரியும். எந்தக் கீயில் எந்தப் பேட்டர்ன் என்று பார்த்தே சொல்லிவிடுவேன், அத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இது அவற்றில் எதுவுமே இல்லை. ஒன்றை அழுத்தி வெகு நேரம் நின்றான். விட்டான். மறுபடி அதையே தொட்டு, வேறு பக்கம் போனான். வேகமாக இறங்கினான், சட்டென்று நின்றான், கார்டு மாறும்வரை காத்திருந்தான். மழை விட்ட அந்தச் சாயங்காலத்தில் கேட்டது இப்படித்தான் தயங்கித் தயங்கிப் போனது. ஆனால் இதில் எது டோ, எது சோ, எது மேல் மி? விரலை வைத்து எப்படித் தெரியும்? அதைச் சொல்ல வேண்டியது உதடு, அது மூடியிருந்தது. சுற்று முடிகிற இடத்தில் விரல்களும் சரியாக நின்றன. கிட்டார்காரர் ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது தம்போய் விளக்குச் சந்திப்பில் சிவப்பு விழுந்தது.

"என்னடா வாசிச்ச?"

"எப்ப?"

"நடிக்காத. மேசையில."

மூன்று விரல்களையும் மடக்கிக்கொண்டான். "பாத்தியா?"

"பேட்டர்னா?"

"இல்லக்கா. ஒன்னுகூட இல்ல."

"பாடிக் காட்டுடா. சும்மா முணுமுணுத்தாக்கூட போதும்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். வாயைத் திறந்தான், தொண்டையைக் கூடச் செருமினான். நான் ரேடியோவை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.

"போயிருச்சுக்கா" என்றான். "பச்ச விழுந்துருச்சு, போ."